உயிரைக் காப்பாற்றியாச்சு, சிறுநீர்ப்பையை யார் கவனிப்பது? தண்டுவடக் காயமும் திரும்பத் திரும்ப வரும் யூரின் இன்ஃபெக்‌ஷனும்

சாலை விபத்தில் அடிபட்டவரை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்பதில் தமிழ்நாடு நல்ல தூரம் வந்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்கிறது. உயிர் பிழைப்பவர்களில் சிலருக்குத் தண்டுவடம் அடிபட்டிருக்கும். ஆபரேஷன் முடிந்து, சில வாரங்கள் கழித்து, வீல்சேரில் வீட்டுக்கு வருவார்கள்.

அங்கிருந்துதான் யாரும் பேசாத ஒரு பிரச்சினை ஆரம்பிக்கிறது. கால் நடக்காதது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சிறுநீர்ப்பை வேலை செய்யாதது வெளியே தெரியாது. காய்ச்சல், ஆன்டிபயாடிக், கொஞ்ச நாள் நிம்மதி, திரும்பக் காய்ச்சல். வருஷத்துக்கு மூன்று, நான்கு முறை இப்படிப் படுத்துவிடும் ஆளால் வேலைக்குப் போக முடியுமா? படிப்பை முடிக்க முடியுமா?

உலகம் முழுக்க ஒவ்வொரு வருஷமும் இரண்டரை லட்சம் முதல் 5 லட்சம் பேருக்குத் தண்டுவடக் காயம் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் காரணம் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும்தான். நம் ஊரில் அந்த உயரம் தென்னை மரமாகவோ, கட்டடச் சாரமாகவோ, மொட்டை மாடியாகவோ இருக்கும். காயம்படுகிறவர்களில் நிறைய பேர் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் வயதில் இருப்பவர்கள். அதனால் இதை ஏதோ சிலருடைய மருத்துவப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

சிறுநீர்ப்பைக்கு என்ன ஆகிறது?

சாதாரணமாகப் பெரியவர்களின் சிறுநீர்ப்பையில் 400 முதல் 500 மில்லி வரை சிறுநீர் நிற்கும். நிரம்பியதும் ‘போகணும்’ என்ற செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகும். இடம், நேரம் பார்த்து மூளை அனுமதி கொடுக்கும். உடனே பையின் தசை சுருங்கும். அதே நொடியில் கீழே இருக்கும் வால்வு போன்ற தசை திறக்கும். இரண்டும் ஒத்துழைத்தால்தான் சிறுநீர் முழுசாக வெளியே வரும்.

தண்டுவடம் அடிபட்டால் இந்தப் பேச்சுவார்த்தை அறுந்துவிடுகிறது. காயம்பட்ட ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் பை அசைவே இல்லாமல் கிடக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது, அடி எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்தது.

கழுத்திலோ நடுமுதுகிலோ அடி என்றால், பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்க ஆரம்பிக்கும். ஆனால் அது சுருங்கும் நேரத்தில் வால்வு திறக்காமல் இறுகிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் எகிறும். வெளியேற வழி இல்லாத சிறுநீர், சிறுநீரகத்தை நோக்கி மேலே ஏறவும் வாய்ப்புண்டு. தண்டுவடத்தின் அடிநுனியில் அடி என்றால் நிலைமை வேறு. பை தளர்ந்து, ரப்பர் போன பலூன் மாதிரி ஆகிவிடும். நிரம்பும், வழியும், ஆனால் காலியாகாது.

இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: பையில் எப்போதும் கொஞ்சம் சிறுநீர் தேங்கி நிற்கிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நம் குடலிலிருந்தே. இ.கோலி, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள்தான் வழக்கமான ஆட்கள். குடலிலும் தோலிலும் ஈரமான இடங்களிலும் வாழ்பவை, சிறுநீர்ப் பாதை வழியாகவோ கதீட்டர் வழியாகவோ உள்ளே போகின்றன.

இவை எல்லோருக்குள்ளும் அவ்வப்போது நுழையத்தான் செய்கின்றன. நாம் சிறுநீர் கழிக்கும்போது பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கி நிற்கும் பையில் அது நடப்பதில்லை. ஆய்வகத்தின் சாதகமான சூழலில் இ.கோலி 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு பாக்டீரியா 6 மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். சிறுநீரில் வேகம் இதைவிடக் குறைவுதான். ஆனாலும் சிறுநீர் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து புரியும்.

அடுத்த காரணம், நிரந்தரமாகப் போட்டிருக்கும் யூரின் டியூப். டியூபின் பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு படலத்தை உருவாக்குகின்றன. ‘பயோஃபிலிம்’ என்பார்கள். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக்கும் நம் எதிர்ப்பு அணுக்களும் எளிதில் எட்ட முடியாது. மாத்திரை சாப்பிடும்வரை அடங்கியிருந்துவிட்டு, நிறுத்தியதும் மறுபடி தலைதூக்கும்.

புரோட்டியஸ் இன்னும் ஒரு படி மேலே போகும். அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறும். உப்புகள் படிந்து கல்லாகும். டியூப் அடைத்துக்கொள்ளும். அந்தக் கல்லே கிருமிக்கு வீடாகிவிடும். ஒரே கிருமி திரும்பத் திரும்ப வருகிறது என்றால், எங்காவது கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எரிச்சலே இருக்காது, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நீர்க்கடுப்பும் எரிச்சலும். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவருக்கு எரிச்சல் எப்படித் தெரியும்? அவருடைய உடம்பு வேறு மொழியில் சொல்லும்.

- குளிர், நடுக்கத்தோடு காய்ச்சல்
- கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொள்வது, துடிப்பது
- இதுவரை இல்லாத சிறுநீர்க் கசிவு
- காரணமே தெரியாத சோர்வு, ‘என்னமோ சரியில்லை’ என்ற உணர்வு
- உணர்வு இருப்பவர்களுக்கு விலாப்பக்கத்திலோ அடிவயிற்றிலோ அசௌகரியம்
- கலங்கலான சிறுநீர், வழக்கத்துக்கு மாறான வாடை, ரத்தம்

இதில் ஒரு எச்சரிக்கை. வாடையும் கலங்கலும் மட்டும் இருந்தால் அது இன்ஃபெக்‌ஷன் என்று முடிவு கட்டக் கூடாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் அப்படித்தான் இருக்கும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இது மட்டும் அவசரம்: டி6-க்கு மேல் அடிபட்டவர்கள் கவனிக்க

மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் இருப்பவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. பெயர் ‘ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’. டியூப் மடங்கிக்கொண்டது, பை நிரம்பிவிட்டது, இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல் என்று கீழே ஏதாவது நடந்தால், அதற்கு எதிர்வினையாக ரத்த அழுத்தம் திடீரென எகிறும். மண்டை வெடிப்பதுபோல் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்த்துக்கொட்டுவது, நாடித்துடிப்பு குறைவது ஆகியவை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம்வரை போகலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இவர்களுடைய இயல்பான ரத்த அழுத்தமே மேல் எண் 90 முதல் 110 வரைதான் இருக்கும். வழக்கத்தைவிட 20 புள்ளி ஏறினாலே எச்சரிக்கை. அதாவது, கேஷுவாலிட்டியில் 135 என்று பார்த்துவிட்டு ‘பிரஷர் ஒன்னும் பெருசா இல்லையே’ என்று அனுப்பிவிட்டால் தப்பாகிவிடும்.

செய்ய வேண்டியது: உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடை, பெல்ட்டைத் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, யூரின் பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். டியூப் இல்லாதவர் என்றால் கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுங்கள். குறையவில்லையா? 108-ஐ அழையுங்கள். போன இடத்தில் இந்த நோயின் பெயரைச் சொல்லுங்கள். இப்போதே உங்கள் ஃபோனில் குறித்து வைத்துக்கொண்டால் நல்லது.

கல்ச்சர் ‘பாசிட்டிவ்’ என்றால் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பலர் தடுமாறும் இடம் இது. நிரந்தர டியூப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் பாக்டீரியா வந்து சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். ஆக, இவர்கள் எப்போது யூரின் கல்ச்சர் கொடுத்தாலும் ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு கிருமியின் பெயர் வரத்தான் செய்யும்.

கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. அறிகுறி எதுவும் இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால், தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் விதிவிலக்கு. ‘சும்மா ஒரு செக்கப்’ என்று கல்ச்சர் கொடுத்து, பாசிட்டிவ் வந்ததும் பயந்து மாத்திரை சாப்பிடும் பழக்கம், நல்லதைவிடக் கெட்டதைத்தான் அதிகம் செய்கிறது.

அறிகுறி இருந்தால் கதை வேறு. அப்போது கல்ச்சர் கண்டிப்பாக வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால். யூரின் பையிலிருந்து எடுத்த சாம்பிள் செல்லாது. டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதை மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து சாம்பிள் எடுப்பதே சரி. பழைய டியூபில் எடுத்தால், படலத்தில் ஒட்டியிருக்கும் கிருமியின் பெயர்தான் ரிப்போர்ட்டில் வரும். பைக்குள் நோயை உண்டாக்கும் கிருமி வேறாக இருக்கலாம். லேபுக்கோ டாக்டருக்கோ இதை நினைவுபடுத்தத் தயங்காதீர்கள்.

மருந்து எத்தனை நாள்? சீக்கிரம் குணம் தெரிந்தால் பொதுவாக 7 நாள், தாமதமானால் 10 முதல் 14 நாள் என்பது கதீட்டர் சார்ந்த தொற்றுக்கான வழிகாட்டுதல். முடிவு உங்கள் மருத்துவருடையது. மெடிக்கல் ஷாப்பில் ‘போன தடவை கொடுத்ததையே கொடுங்க’ என்று வாங்குவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஏற்கெனவே அந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமிதான் இந்த முறை வந்திருக்கும். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் பிரசாரமே தொடங்கியது. அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

தினம் ஒரு மாத்திரை போட்டால் வராமல் தடுக்கலாமா? கிரான்பெர்ரி?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், ஆமாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். அவ்வப்போது கதீட்டர் போட்டு எடுக்கும் 404 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ‘ஆன்டிக்’ ஆய்வின் முடிவுகள் 2018-ல் வெளியாயின. ஒரு வருஷம் தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு இன்ஃபெக்‌ஷன் 48 சதவீதம் குறைந்தது. பெரிய பலன்தான். ஆனால் அவர்களிடம் இருந்த கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையையும் அதிகமாகப் பெற்றன. இன்று வராமல் தடுத்து, நாளை வரும்போது கேட்கும் மருந்து இல்லாமல் போனால்? அதனால்தான் இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. வேறு வழி பலிக்காத சிலருக்கு மட்டும் மருத்துவர்கள் யோசிக்கிறார்கள்.

கிரான்பெர்ரி மாத்திரைக்கு ஆன்லைனில் நல்ல விற்பனை. ஆனால் ஆஸ்திரேலியாவில் தண்டுவடக் காயத்தால் சிறுநீர்ப்பை பாதிக்கப்பட்ட 305 பேரிடம் நடத்தி, 2007-ல் வெளியான ‘சின்பா’ ஆய்வில் கிரான்பெர்ரியால் பலன் தெரியவில்லை. மற்றவர்களுக்கு என்ன பலன் என்பது தனி விவாதம். தண்டுவடக் காயம் உள்ளவர் அந்தப் பணத்தில் கதீட்டர் வாங்குவது புத்திசாலித்தனம்.

1972-ல் வந்த எளிய விடை

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோனார்கள். கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். ‘இவங்களுக்கு ஒன்னும் பண்ண முடியாது’ என்பதே மருத்துவ உலகின் மனநிலையாக இருந்தது.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். பின்னாளில் பாராலிம்பிக்ஸுக்கு வித்திட்டவர் இவர்தான். டியூபை நிரந்தரமாக வைக்காமல், நாளுக்குப் பல முறை போட்டு எடுப்பதை அவர் வலியுறுத்தினார். ஆனால் அதை ஆபரேஷன் தியேட்டர் அளவு சுத்தத்தோடு செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் யாரால் முடியும்?

1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் அந்தப் பூட்டைத் திறந்தார். கிருமியே இல்லாத அளவுக்குச் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கை கழுவிச் செய்தாலே போதும் என்றார். அவர் வாதம் இதுதான்: பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், எதிர்ப்பு சக்தியும் குறையும். எனவே நேரத்துக்குக் காலி செய்வதுதான் முதல் பாதுகாப்பு. ‘சிஐசி’ என்று இன்று சொல்லப்படும் முறை இதுவே. 50 வருஷம் தாண்டியும், செய்ய முடிந்தவர்களுக்கு முதல் தேர்வாக இதுதான் இருக்கிறது.

பொதுவான கணக்கு: நாளுக்கு 4 முதல் 6 முறை, ஒவ்வொரு முறையும் வரும் அளவு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கை விரல்கள் வேலை செய்யாதவர்கள், வேறு சிக்கல் உள்ளவர்களுக்கு நிரந்தர டியூபோ, அடிவயிற்றில் துளையிட்டு வைக்கும் டியூபோ தேவைப்படலாம். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியே தள்ளும் பழைய பழக்கம் பைக்குள் அழுத்தத்தை ஏற்றும். டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

பைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் ‘யூரோடைனமிக்’ பரிசோதனை, வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேன் ஆகியவையும் முக்கியம். அழுத்தம் அதிகம் என்றால் அதைக் குறைக்க மாத்திரைகளும், பையின் தசையில் போடும் போடாக்ஸ் ஊசியும் இருக்கின்றன. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவை மட்டும் பார்த்து ‘கிட்னி நார்மல்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். தசை கரைந்துபோனவர்களுக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாக இருக்கும். பாதிப்பு அதில் சீக்கிரம் தெரியாது.

நமக்கு இதில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966-ல் வேலூர் சிஎம்சி-யில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு இங்கே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அது ஒவ்வொரு மாவட்டத்துக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்பதே பிரச்சினை.

தண்ணீர் குடிக்கப் பயப்படும் மனிதர்கள்

டாக்டர் ‘நிறைய தண்ணி குடிங்க’ என்பார். ஆனால் வேலைக்குப் போகும் ஒரு வீல்சேர் பயனாளர் காலையிலிருந்து தண்ணீரைத் தொடாமல் இருப்பார். ஏன்? பஸ் ஸ்டாண்டில் அவர் நுழையக்கூடிய கழிப்பறை இல்லை. அலுவலகத்தில் இருக்கும் ஒன்றில் மாப்பும் பக்கெட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கதவு உள்ளே திறக்கிறது, வீல்சேர் போனால் மூட முடியவில்லை. கை கழுவும் இடம் எட்டவில்லை. கதீட்டரை எடுத்து வைக்க ஒரு சின்ன அலமாரித் தட்டுகூட இல்லை.

ஆக, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியதை 9 மணி நேரம் தள்ளிப்போடுகிறார். சிறுநீர் தேங்குகிறது. வாரக் கடைசியில் காய்ச்சல். திங்கள்கிழமை லீவு. ‘அடிக்கடி லீவு போடுறார்’ என்று மேனேஜர் குறிப்பெழுதுகிறார். இந்தத் தொற்றுக்குக் காரணம் பாக்டீரியா என்று கல்ச்சர் ரிப்போர்ட் சொல்லும். அந்தக் கழிப்பறைக் கதவுக்கும் அதில் பங்கு உண்டு.

இதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுக் கட்டடங்களை 5 வருஷத்துக்குள் அணுகும் வகையில் மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. அணுகல் விதிமுறைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பஸ் ஸ்டாண்டுகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேர வேண்டியிருக்கிறது.

மாதம் 150 கதீட்டர்: யார் தருவது?

ஒரு நாளைக்கு 5 முறை என்றால் மாதம் 150 முறை. ஒரு தடவை போட்டதும் தூக்கிப் போடும் கதீட்டர் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,500 ரூபாய். வழவழப்புப் பூச்சு கொண்ட நல்ல ரகம் என்றால் பல மடங்கு. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திரப் பராமரிப்புத் தொகை 2023-ல் 2,000 ரூபாயாக இருந்தது. மிச்சம் 500-ல் டயாப்பர், மருந்து, ஆட்டோ எல்லாம் நடக்குமா? அதனால்தான் பலர் ஒரே கதீட்டரைக் கழுவிக் கழுவி நாள்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. எப்படிக் கழுவுவது, உலர்த்துவது, எப்போது மாற்றுவது என்றாவது யாராவது சொல்லித்தர வேண்டும்.

அரசால் முடியாத காரியமா இது? 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்கான திரவப் பைகளும் போகின்றன. இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வருகிறார். மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதில் 1994-லிருந்து இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு நாட்டிலேயே நல்ல பெயர். வாங்கும் அமைப்பும் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கதீட்டரும் ஜெல்லும் யூரின் பையும் உறுதியாக, மாதம் தவறாமல் இடம்பெற வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு.

1. தண்டுவடக் காயத்தோடு டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவருக்கும், தேவையான எண்ணிக்கையில் கதீட்டர் இலவசமாக வீட்டுக்கே வர வேண்டும்.
2. டிஸ்சார்ஜுக்கு முன்னால் நோயாளிக்கும் வீட்டில் ஒருவருக்கும் சிஐசி செய்யக் கற்றுத்தந்த பிறகே அனுப்ப வேண்டும். துண்டுச் சீட்டில் ‘டியூப் கேர்’ என்று எழுதித் தருவது பயிற்சி ஆகாது.
3. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசு மருத்துவமனையில், மாதம் ஒரு நாளாவது, தண்டுவடக் காயத்துக்கான சிறுநீர்ப்பை கிளினிக் நடக்க வேண்டும். யூரோடைனமிக் பரிசோதனைக்காக நோயாளி சென்னைக்கோ வேலூருக்கோ ஓட வேண்டிய நிலை மாற வேண்டும்.
4. ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா பற்றி 108 ஊழியர்களுக்கும் கேஷுவாலிட்டி டாக்டர்களுக்கும் பயிற்சி தர வேண்டும்.

இவற்றில் எதற்கும் புது கண்டுபிடிப்பு தேவையில்லை. கதீட்டர் தரும் செலவு அதிகம் என்று நிதித் துறை சொன்னால், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வரும் ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஆகும் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது தண்டுவடக் காயம் இருந்தால்: கதீட்டர் போடும் நேரத்துக்கு ஃபோனில் அலாரம் வையுங்கள். ஒரு சின்ன நோட்டில் நேரம், சிறுநீர் அளவு இரண்டையும் எழுதுங்கள். டாக்டருக்கு அதைவிடப் பயனுள்ள ரிப்போர்ட் இல்லை. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நிரந்தர டியூப் என்றால், யூரின் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படாமல் இருக்கட்டும். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை ஃபோனில் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்திதான்.

அம்மாவோ மனைவியோ இதைச் செய்துகொண்டிருந்தால், மற்றவர்களும் கற்றுக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து முறை, வருஷம் பூராவும், ஒரே ஆள் செய்ய முடியாது. முடிந்தவரை அவரவரே செய்துகொள்ளப் பழகுவதுதான் எல்லோருக்கும் விடுதலை. கூச்சம் வரும். அதைப் பேசித்தான் தாண்ட வேண்டும்.

நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில்: மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். பூட்டியிருக்கிறதா, ஸ்டோர் ரூமாக ஆகிவிட்டதா, வீல்சேர் உள்ளே போய்க் கதவு மூடுமா என்று பாருங்கள். சரியில்லை என்றால் ஃபோட்டோ எடுத்து ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். 2016 சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியின் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீல்சேரில் வரும் சக ஊழியர் மீட்டிங் நடுவில் 20 நிமிடம் எழுந்துபோனால், ஏன் என்று கேட்காமல் இருப்பதும் ஒரு உதவிதான்.

தண்டுவடம் அடிபட்ட ஒருவர் இன்று பல பத்தாண்டுகள் வாழலாம்; படிக்கலாம், சம்பாதிக்கலாம், குழந்தை வளர்க்கலாம். அதற்குத் தேவையானவற்றின் பட்டியல் பெரியதில்லை: மாதம் 150 கதீட்டர், ஒழுங்காகக் கற்றுத்தர ஒரு நர்ஸ், வருஷத்துக்கு ஒரு ஸ்கேன், கதவு மூடக்கூடிய ஒரு கழிப்பறை. முதல் 48 மணி நேரத்துக்குப் பொறுப்பேற்ற அரசு, இந்தப் பட்டியலுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.